ஒன்பதாம் கலவையின் அரைச் சாக்கு

அன்று காலை வடகரைக் கோழிக் கொட்டகையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எஸ்தர் டாக்டர். எங்கள் தீவன மில்லின் கால்நடை மருத்துவர். சுரண்டைப் பக்கம். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர்.

பரமசிவன் அண்ணாச்சி. கொட்டகைக்குச் சொந்தக்காரர். பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து கோழி வளர்த்தவர்.

சண்முகத்தாய். அவர் மனைவி.

செல்வம். மில்லின் சூப்பர்வைசர். பண்ணை பண்ணையாகப் பைக்கில் போய்ப் பார்த்து வருவது அவர் வேலை.

நான். சுடலைமுத்து. தீவனம் கலக்கிற ஆள்.

அப்புறம் செத்த கோழிகள் பதினொன்று. சாக்கை விரித்து அதன்மேல் வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள்.

பாவூர்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த மில்லில் நான் முப்பத்தொரு வருடம் இருந்தேன். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. இப்போது அங்கே கம்ப்யூட்டரே மருந்தை எடை போட்டுத் தள்ளுகிறதாம். புது மெஷினுக்குப் பூசை போட்ட அன்று கூப்பிட்டிருந்தார்கள். போனேன். கலவை மேடையில் நிற்கிற பிள்ளைகள், “அண்ணாச்சி, இந்த ஆணி எதுக்கு? புடுங்கப் போனா பெரியவங்க வையுதாங்க” என்று கேட்டார்கள். மேடைச் சுவரில் ஒரு நீள ஆணி. வாயால் சொல்ல எனக்கு வராது. எழுதித் தருகிறேன் என்றேன். எட்டாம் வகுப்பு வரை படித்தவன் எழுதுவது. பிழை இருந்தால் பொறுக்கவும்.

படிப்பை விட்டதும் சந்தையில் மூட்டை தூக்கினேன். பிறகு மில்லில் மூட்டை தூக்கினேன். கலவை மேடையில் இருந்தவருக்கு முதுகு போனது. என்னை ஏற்றிவிட்டார்கள். இதுதான் நான் பெற்ற பயிற்சி.

கறிக்கோழிக்கு ஒரு சீக்கு உண்டு. ரத்தக் கழிச்சல். மில்லில் காக்சி என்போம். கண்ணுக்குத் தெரியாத கிருமி. கோழி எச்சத்தோடு தரையில் விழும். தரையில் தென்னைநார்த் தூள் பரப்பியிருப்போம், அதற்குக் கூளம் என்று பெயர். கூளம் ஈரமானால் கிருமி பெருகும். கோழி கொத்தித் தின்னும்போது உள்ளே போகும். குடலைத் தின்றுவிடும். குத்தாலத்தில் சாரல் விழுந்தால் ஊருக்கெல்லாம் கொண்டாட்டம். கோழி வளர்க்கிறவனுக்கு அதுதான் பயம்.

சீக்கு வந்த பிறகு ஓடுவதைவிட வராமல் பார்ப்பது நல்லது. அதற்குத்தான் தீவனத்திலேயே மருந்து. ஒரு டன் தீவனத்துக்கு அரைக் கிலோ பொடி. கூடினால் கோழி தீனி எடுக்காது, கால் தளரும். குறைந்தால் கழியும். விற்பனைக்குப் போகிற கடைசி வாரத் தீவனத்தில் மருந்தே கூடாது. அந்த வாரத்துச் சாக்கை மஞ்சள் நூலில் தைப்போம். நடு வாரங்களுக்குப் பச்சை நூல். குஞ்சுத் தீவனத்துக்கு வெள்ளை.

அரைக் கிலோவை ஒரு டன்னில் நேராகக் கொட்டினால் பரவாது. அதனால் முதலில் சின்ன டிரம்மில் இருபத்தைந்து கிலோ மக்காச்சோள மாவோடு மருந்தைப் போட்டுச் சுற்றுவோம். அதை ஒரு சாக்கில் பிடித்து, பெரிய மிக்சரின் வாய்க்குப் பக்கத்தில் நிறுத்துவோம். சோளம், சோயா எல்லாம் மிக்சரில் விழுந்ததும் அந்தச் சாக்கைத் தட்டுவோம். இதற்கு மருந்துச் சாக்கு என்று பெயர். ஒரு கலவைக்கு ஒரு மருந்துச் சாக்கு. ஒரு கலவைக்கு ஐம்பது கிலோவில் இருபது சாக்குத் தீவனம் கீழே இறங்கும்.

டாக்டர் மில்லுக்கு வந்த இரண்டாம் நாள் மேடைக்கு ஏறி வந்தார். கையில் ஒரு பொட்டலம். உள்ளே சிவப்புச் சாயம் ஏற்றிய மணல். அதை மருந்துச் சாக்கில் போடச் சொன்னார். போட்டேன். மிக்சரை நிறுத்தியதும் பத்து இடத்தில் பத்துக் கைப்பிடி எடுத்து, பத்துக் காகிதத்தில் கொட்டினார். தரையில் உட்கார்ந்தார்.

“உக்காருங்க அண்ணாச்சி. ஆளுக்கு அஞ்சு. சிவப்பை மட்டும் எண்ணுங்க.”

நான் எண்ணினேன். அவரும் எண்ணினார். என் காகிதம் ஒன்றில் நாற்பது. இன்னொன்றில் ஒன்பது.

அந்த மிக்சரை அதற்கு முன் ஆறு வருடம் ஓட்டியிருந்தேன். கலவை சரியாக இருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். தலை குனிந்துகொண்டேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மிக்சருக்குள் டார்ச் அடித்தார்.

“பிளேடு தேஞ்சிருக்கு. இது நீங்க பண்ணதில்ல” என்றார். பிறகு, “ஒரு கோழி ஒரு நாளைக்கு எவ்வளவு திங்கும்?”

“ஒரு கைப்பிடி, ரெண்டு கைப்பிடி.”

“அந்தக் கைப்பிடிக்குள்ள அதுக்கு உள்ள மருந்து இருக்கணும். டன்னுக்குள்ள இருந்து என்ன பிரயோசனம்?”

மருந்தைப் பற்றி எனக்கு அதுவரை யாரும் எதுவும் சொன்னதில்லை. அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. பிளேடு மாற்றினார்கள். மறுபடி எண்ணினோம். எல்லாக் காகிதத்திலும் இருபதுக்கு இரண்டு மூன்று முன்னே பின்னே.

அவர் பழக்கங்கள் சிலவற்றைச் சொல்ல வேண்டும். பென்சிலில்தான் எழுதுவார். சத்தம் போட மாட்டார். கோழியை அறுத்துப் பார்ப்பதற்கு முன் கையில் கட்டியிருக்கும் வாட்ச்சைக் கழற்றி, பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அவர்களிடம் கொடுத்துவிடுவார். முதலாளியே நின்றாலும் சரி, மூட்டை தூக்குகிற மாடசாமி நின்றாலும் சரி. ஐந்தாறு மாதத்துக்கு ஒரு முறை மருந்தை மாற்றுவார். ஒரே மருந்தைப் போட்டால் கிருமி பழகிவிடும் என்பார். சாயங்காலம் வீட்டுக்குப் போகும் முன் மேடைக்கு வந்து ஒரே கேள்வி கேட்பார்.

“இன்னைக்கு ஏதாவது கூடுச்சா, குறைஞ்சுதா?”

இல்லை என்போம். போய்விடுவார். மாடசாமி அவர் போனதும், “டாக்டரம்மா கல்யாண வீட்டுல பந்தி விசாரிக்க மாதிரியே கேக்காவ” என்பான். சிரிப்போம்.

ஆணியும் அவர் அடித்ததுதான். மருந்துப் பாக்கெட்டைப் பிரித்து டிரம்மில் கொட்டியதும் காலிப் பாக்கெட்டை ஆணியில் குத்த வேண்டும். பொழுது முடிந்ததும் எண்ண வேண்டும். எத்தனை கலவையோ அத்தனை பாக்கெட். எண்ணி, ரப்பர் பேண்டு போட்டு, தேதி எழுதிப் பெட்டியில் வைப்போம். கோழி விற்பனையாகும்வரை அந்தக் கட்டு இருக்கும்.

இனி வடகரை.

அது நல்ல சாரல் மாதம். மலையே தெரியவில்லை. அண்ணாச்சியின் கொட்டகையில் இரண்டாயிரம் கோழி, இருபத்து மூன்று நாள் வயது. முந்தின நாள் நான்கு செத்தது. அன்று விடிவதற்குள் பதினொன்று. செல்வம் போன் போட்டதும் டாக்டர் கிளம்பினார். ஜீப்பில் ஏறினவர் இறங்கி மேடைக்கு வந்தார்.

“தீவனம் கலந்தவரும் வரட்டும்.”

கலக்கிறவனை எந்தப் பண்ணைக்கும் அதுவரை யாரும் கூட்டிப் போனதில்லை. போனேன்.

கொட்டகை வாசலில் காலில் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டோம். உள்ளே கோழிகள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூனிக் குறுகி நின்றன. தரையில் அங்கங்கே ரத்தம். டாக்டர் வாட்ச்சைக் கழற்றினார். நான்தான் பக்கத்தில் நின்றேன். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மூன்று கோழியை அறுத்தார். கோழிக் குடலின் கடைசியில் இரண்டு பை மாதிரி இருக்கும். மூன்றிலும் அந்தப் பைகள் வீங்கிக் கறுத்திருந்தன. கத்தி நுனியால் கீறினார். உறைந்த ரத்தம்.

“காக்சிதான்” என்றார்.

செல்வம் அண்ணாச்சியைப் பார்த்துத் திரும்பினார். “சொன்னேன்லா. சாரல் அடிக்கு, படுதாவை இறக்கிக் கட்டுங்கன்னு. கூளம் நனைஞ்சா காக்சி வராம என்ன செய்யும்?”

“ஏலே செல்வம், நீ எப்பம்லே சொன்னே? போன வாரம் வந்தவன் பைக்கை விட்டே இறங்கல.”

“எழுதி வச்சிருக்கேன் அண்ணாச்சி.”

“எழுதுவே. நல்லா எழுதுவே. வீட்டுல இருந்தும் எழுதுவே.”

சண்முகத்தாய் குறுக்கே வந்தார். “காலைல ஒருக்கா, சாயந்தரம் ஒருக்கா கூளத்தைக் கிளறி விடுதோம் டாக்டரம்மா. மழை வந்தா இவாளுக்குச் சோறு இறங்காது. படுதாவைப் பிடிச்சிக்கிட்டே நிப்பாவ.”

“நீ சும்மா இருட்டி. நான் டூட்டிய சொல்லிக் காட்டணுமாக்கும்.”

செல்வம் என்னிடம் மெல்ல, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். “கொட்டகை சரியில்லன்னு ரிப்போர்ட் போனா இவாளுக்கு அடுத்த குஞ்சு கிடையாது.”

எங்கள் மில்தான் குஞ்சும் கொடுக்கும், தீவனமும் கொடுக்கும். வளர்ந்த கோழியை எடுத்துக்கொள்ளும். மில் குஞ்சு தராவிட்டால் அந்தக் கொட்டகை வெறும் கொட்டகை. அண்ணாச்சி பட்டாளத்தில் இருந்து கொண்டுவந்த எல்லாமே அந்தத் தகரத்தின் கீழேதான் இருந்தது. அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டுக் கொட்டகையின் ஒரு மூலைக்குப் போனார். குனிந்து ஒரு கை கூளம் அள்ளினார். இறுக்கிப் பிடித்தார். கையை விரித்தார். பொலபொலவென்று உதிர்ந்தது. தண்ணீர்க் குழாய்க்குக் கீழே அள்ளினார். உதிர்ந்தது. படுதா ஓரம். உதிர்ந்தது. ஈரக் கூளம் உருண்டை பிடிக்கும். எட்டு இடத்தில் அள்ளினார். எட்டும் உதிர்ந்தது.

“அண்ணாச்சி,” என்றார் பரமசிவனிடம். “இந்தச் சாரல்ல இவ்வளவு காஞ்ச கூளம் நான் பாக்கல.”

பட்டாளத்துக்காரர் விறைப்பாக நின்றார். கண் மட்டும் கொஞ்சம் அப்படி இப்படி ஆனது.

டாக்டர் தண்ணீரில் கொடுக்க மருந்து எழுதினார். தொட்டியில் எவ்வளவு, எத்தனை நாள் என்று அந்த அம்மாவிடம் இரண்டு முறை சொல்லி, ஒரு முறை திருப்பிச் சொல்லச் சொன்னார். தீவனச் சாக்கில் தைத்திருந்த சீட்டைக் கிழித்து எடுத்தார். எட்டு நாளைக்கு முன்னால் மில்லில் இருந்து வந்த சாக்கு. பச்சை நூல். ஒன்பதாவது கலவை. இருபது சாக்கும் அதே கலவை. ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. அதை ஜீப்பில் ஏற்றினோம்.

வழியில் எனக்கு விளங்கிவிட்டது. கூளம் காய்ந்திருந்தால் தீவனத்தில்தான் ஏதோ.

மில்லில் அந்தத் தேதிக் கட்டை எடுக்கச் சொன்னார். அன்றைக்குப் பதினாறு கலவை. ரப்பர் பேண்டை உருவி மேசையில் ஒவ்வொன்றாக வைத்தேன். செல்வம் நின்று பார்த்தார். மேனேஜர் வந்து பார்த்தார். பதினாறு பாக்கெட்.

“பிறவு என்ன?” என்றார் செல்வம். “சுடலை அண்ணன் மேல ஒண்ணும் இல்ல. பட்டாளத்தார் பாய் விரிச்ச மாதிரி நேத்து ராத்திரி காஞ்ச தூளைப் பரப்பியிருப்பார்.”

மேனேஜர் தலையாட்டினார். எனக்கு மூச்சு வந்தது. சீக்கிரமே போகவும் செய்தது.

அந்த நாள் எனக்கு நினைவு வந்துவிட்டது. மத்தியானம் கரண்டு போன நாள். ஒன்பதாவது கலவை பாதியில் நின்றது. ஜெனரேட்டர் போட்டு ஓட்டினோம். கூரை ஒழுகி மிக்சர் வாய்க்குப் பக்கத்தில் தண்ணீர் சொட்டியது. மருந்துச் சாக்கு நனையாமல் இருக்க மாடசாமி அதைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்திருக்கிறான். நான் கீழே ஜெனரேட்டர் பக்கம் இருந்தேன். மேலே வந்தபோது சாக்கு வழக்கமான இடத்தில் இல்லை. தட்டியாயிற்று என்று நினைத்து மிக்சரை ஓட விட்டேன். கேட்கவில்லை. பத்தாவது கலவைக்கு வேறு மருந்துச் சாக்கு தயார் செய்து நிறுத்தினேன். ஒழுகல் நின்றதும் அவன் பழைய சாக்கையும் தூக்கி அதன் பக்கத்தில் வைத்திருக்கிறான். மாடசாமிக்கு நான் சொல்லிவைத்தது ஒன்றுதான்: வாய்க்குப் பக்கத்தில் நிற்கிறதைத் தட்டு. இரண்டு நின்றிருக்கும். இரண்டையும் தட்டியிருப்பான்.

இதையெல்லாம் நான் கண்ணால் பார்க்கவில்லை. பார்த்தது ஒன்றுதான். ஒன்பதாவது கலவையில் இருபதாம் சாக்கு பாதிதான் நிறைந்தது. சாக்கு பிடிக்கிறவர், “அண்ணே, அரைச் சாக்கு வருது” என்றார். “அடுத்ததுல நிரப்பிக்கோ” என்றேன். பத்தாவது கலவையில் அந்த அரைச் சாக்கும் நிறைந்தது. அதுபோக இருபது சாக்கும் இறங்கியது. எல்லாம் சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

அரைச் சாக்கு என்றால் இருபத்தைந்து கிலோ. ஒரு மருந்துச் சாக்கின் எடை.

அன்று சாயங்காலம் டாக்டர் வழக்கம்போலக் கேட்டார். கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்றேன். அதுதான் நான் செய்த தப்பு. மற்றது கை தவறியது. இது வாய் சொன்னது.

இப்போது மேசையில் பதினாறு பாக்கெட். நான் சும்மா இருந்தாலே போதும். நான் மூட்டை தூக்கிய காலத்தில் மேடையில் இருந்த ஒருவரை மருந்து கூடிப்போனதற்காக அன்றே வெளியே அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன். என் மூத்த மகள் அப்போது கல்லூரியில் இருந்தாள். டீ வந்தது. குடித்தேன். குடித்து முடிக்கிற வரைக்கும் பேசவில்லை. அந்த ஒரு டீயை இன்றுவரை மறக்க முடியவில்லை.

டாக்டர் மட்டும் உட்காரவில்லை. பாக்கெட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அண்ணாச்சி. அன்னைக்கு ஏதாவது கூடுச்சா, குறைஞ்சுதா?”

தினமும் கேட்கிற அதே கேள்வி. அதே குரல். சந்தேகமும் இல்லை, அதட்டலும் இல்லை. எட்டு நாள் கழித்து இன்னொரு தடவை பதில் சொல்ல இடம் கொடுத்தார்.

“ஒம்பதுல அரைச் சாக்கு குறைஞ்சுதும்மா. பத்துல அரைச் சாக்கு கூடுச்சு” என்றேன். “அன்னைக்கு நான் சொல்லல.”

மேனேஜர், “என்ன சொல்லுதீரு?” என்று எழுந்தார். செல்வம் என்னை ஒரு பார்வை பார்த்தார். டாக்டர் இரண்டு பேரையும் கவனிக்கவில்லை. விளக்கம் கேட்கவில்லை. ஒன்பதில் மருந்து இல்லை, பத்தில் இரண்டு பங்கு என்பது அவருக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. கேட்டது ஒன்றுதான்.

“பத்தாவது மிக்ஸிங் எந்த வண்டில போச்சு?”

நான் பார்த்த படித்தவர்களில் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக்கூடியவர் வேறு யாரும் இல்லை. மற்றவர்கள் யார் தப்பு என்றுதான் கேட்டிருப்பார்கள்.

பிறகு நடந்ததை முதலில் எழுதிவிட்டு அந்த நாளுக்குத் திரும்புகிறேன்.

வடகரையில் எண்பத்து நாலு கோழி போனது. மற்றது பிழைத்தது. மிச்சச் சாக்கில் இருந்து எடுத்த தீவனத்தை வெளியூருக்குச் சோதனைக்கு அனுப்பினார்கள். பாதி வெறும் தீவனம், பாதி மருந்து கூடின தீவனம் என்று பதில் வந்தது. அரைச் சாக்கு அதுதான். பரமசிவன் அண்ணாச்சிக்கு அடுத்த குஞ்சு போனது. டாக்டரே வண்டியில் கூடப் போய் இறக்கிவிட்டு வந்தார். என்னை ஒரு மாதம் மேடையில் இருந்து இறக்கிச் சாக்கு தைக்க விட்டார்கள். டாக்டர் அதைத் தடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மில் பதிவேட்டில் அவர் எழுதியதை நான் படித்திருக்கிறேன். அந்த ஒரு பக்கம் மட்டும் பேனாவில் இருக்கும். “காலிப் பாக்கெட்டை ஆணியில் குத்தச் சொன்னது நான். பாக்கெட் பிரிந்ததை ஆணி காட்டும். மருந்து மிக்சரில் விழுந்ததைக் காட்டாது. விதி போட்டவள் அதை யோசிக்கவில்லை.” இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். என் பெயர் அதற்குக் கீழே, இரண்டாவதாக.

அதன்பிறகு விதி மாறியது. காலிப் பாக்கெட்டை மருந்துச் சாக்கின் கழுத்தில் கட்ட வேண்டும். சாக்கு மிக்சரில் காலியான பிறகுதான் பாக்கெட் ஆணிக்குப் போகும். அரைச் சாக்கு வந்தால் அடுத்ததில் நிரப்பக் கூடாது. மிக்சரை நிறுத்திவிட்டு ஆள் அனுப்ப வேண்டும். பிள்ளைகளே, ஆணி அதற்குத்தான்.

இனி அந்த நாள்.

பத்தாவது கலவை குத்துக்கல்வலசையில் லூர்துமேரி வீட்டுக் கொட்டகைக்குப் போயிருந்தது. அங்கே குஞ்சுக்குப் பதினாலு நாள். லாரி ஒரே நடையில் இரண்டு வகைத் தீவனத்தையும் இறக்கிவிடும். இத்தனை நாளும் வெள்ளை நூல் சாக்கு ஓடியிருக்கும். பச்சை நூலைப் பிரிக்கிற நாள் மறுநாள். சில பேர் ஒரு நாள் முன்னாலேயே பிரித்துவிடுவார்கள். போன் போட்டோம். எடுக்கவில்லை. டாக்டர் ஜீப்பில் ஏறினார். நானும் மாடசாமியும் பின்னால் ஏறினோம். சாக்கு ஏற்ற ஒரு டெம்போ பின்னால் வந்தது.

மாடசாமி என் காதில், “அண்ணே, நான்தான தட்டுனேன். நீரு ஏன் உம்ம தலையில போட்டுக்கிட்டீரு?” என்றான்.

“நிக்கதத் தட்டுன்னு சொன்னவன் நான்தாம்லே.”

லூர்துமேரி கொட்டகை வாசலில் தீனித் தட்டு கழுவிக்கொண்டிருந்தார். எங்கள் மூன்று பேரையும் பார்த்துப் பயந்து எழுந்தார்.

“பச்சை நூல் பிரிச்சாச்சாம்மா?” என்றார் டாக்டர்.

“இல்லியே. நாளைக்குத்தான. தட்டு கழுவுதேன்.”

டாக்டர் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஒரு நொடிதான். “நாங்க வேற தாரோம். இதைத் திருப்பி எடுத்துக்கிடுதோம். சாக்கை எண்ணுங்க அண்ணாச்சி.”

எண்ணினேன். சீட்டைப் பார்த்துப் பார்த்து எண்ணினேன். பத்தொன்பது. மாடசாமி எண்ணினான். பத்தொன்பது.

“ஒண்ணு எங்கம்மா?”

லூர்துமேரி கையைப் பிசைந்தார். “எங்க கொழுந்தன் காலைல ஒண்ணு கடன் கேட்டான். குடுத்துவிட்டேன். நீங்க வையக் கூடாது. குத்தாலத்துல வான்கோழி வளக்கான். சீசனுக்கு ஓட்டல்ல கேக்காவளாம்.”

டாக்டர் முகம் மாறி நான் பார்த்தது அப்போதுதான். கோழி இந்த மருந்தைத் தாங்கும். வான்கோழி தாங்காது. சரியான அளவே அதற்கு விஷம். இது இரண்டு பங்கு.

“எத்தனை வான்கோழி?”

“அறுபது எழுபது இருக்கும். எப்பம் தீனி வைப்பான்னா, சாயந்தரம் நாலு மணிக்கு. போனை எடுக்க மாட்டான். அருவிச் சத்தத்துல கேக்காது.”

டாக்டர் மணி பார்க்கக் கையைத் திருப்பினார். கையில் வாட்ச் இல்லை. அது என் சட்டைப் பையில் காலையில் இருந்தே கிடந்தது. எடுத்துப் பார்த்துச் சொன்னேன். மூன்றே கால்.

பத்தொன்பது சாக்கையும் ஏற்றிக்கொண்டு பின்னால் வரும்படி டெம்போக்காரரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். குத்துக்கல்வலசையில் இருந்து குத்தாலம் பக்கம்தான். சீசனில் பக்கமில்லை. வேனும் பஸ்சுமாக நின்றன. தலையில் எண்ணெய் வழிய ஆட்கள் ரோட்டின் குறுக்கே போனார்கள். டிரைவர் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தார். ஒருவர் ஜன்னலுக்குள் தலையை விட்டு, “அருவி எங்கயும் ஓடிப் போகாது ஓய்” என்றார். டாக்டர், “தெரியும்ணே, வழி விடுங்க” என்றார். அவர் துண்டை வீசி நான்கு வண்டியை ஒதுக்கிவிட்டார்.

பிறகும் ஜீப் நின்றது. இறங்கி நடந்தோம். டாக்டர் முன்னால். சாரல் முகத்தில் அடித்தது. வான்கோழியின் கத்தல் தூரத்திலேயே கேட்டது. வலையடித்த தோட்டம். உள்ளே கொழுந்தன், ஜோசப் என்று பெயர், தட்டுகளை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். வான்கோழிகள் அவர் காலைச் சுற்றி நின்றன. பச்சை நூல் சாக்கு மொபெட்டின் முன்னால் கிடந்தது. அவர் கையில் அரிவாள் இருந்தது, நூலை அறுக்க.

“ஜோசப் தம்பி,” என்றார் டாக்டர். மூச்சு வாங்கியது. “அதைப் பிரிக்காதீங்க.”

“ஏன், எங்க மதினி காசு கேக்காளா?”

டாக்டர் வேலியைப் பிடித்துக்கொண்டு சொன்னார். வான்கோழிக்குக் கறிக்கோழித் தீவனம் எப்போதுமே ஆகாது, ஏன் ஆகாது என்று பொறுமையாகச் சொன்னார். ஜோசப் அரிவாளைக் கீழே வைத்தார். பறவைகளைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

நான் சாக்கைத் தொட்டுப் பார்த்தேன். தையல் பிரியவில்லை. முடிச்சு எங்கள் முடிச்சு. சீட்டில் பத்து. மாடசாமி தோளில் ஏற்றினான்.

ஜீப்புக்கு வந்தோம். பின்னால் நின்ற டெம்போவில் அந்தச் சாக்கையும் போட்டோம். நான் வாட்ச்சைக் கொடுத்தேன். வாங்கிக் கட்டிக்கொண்டார். கட்டி முடித்தபின் கேட்டார்.

“எண்ணுனீங்களா அண்ணாச்சி?”

டெம்போவில் ஏறி முதலில் இருந்து எண்ணினேன்.

இருபது.